சாம்பல் சார் கண்டுபிடித்த சரிவு

ரேபதி சுதியாவுக்கு டாக்டர் பட்டம் வேண்டுமென்றால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பகோரிகுரி கிராமத்தில், பஜனை நடக்கும் நாம்கருக்குப் பக்கத்து வீட்டில், சமையலுக்குக் காரத்தண்ணி வடிக்க எரிக்கும் வாழைத்தோலின் சாம்பலில் சோடியம் ஏறக்குறைய இல்லை. அடுத்த வீட்டில் கொஞ்சம். அதற்கடுத்த வீட்டில் இன்னும் கொஞ்சம். இப்படியே ஏறி ஏறி, தன்சிரி ஆற்றை ஒட்டிய கடைசி வீட்டில் பாதிக்கு மேல் சோடிய உப்பு. ஏன்?

இதைக் கண்டுபிடித்தவர் அவளுடைய நெறியாளர் ஹோலிராம் ஃபுகன். கண்டுபிடித்த கையோடு அதற்குத் தன் பெயரையும் வைத்துவிட்டார். ஃபுகன் சரிவு. ஏறுகிற விஷயத்துக்கு ஏன் சரிவு என்று பெயர் என்று ரேபதி முதல் வருஷமே கேட்டாள். "எந்தப் பக்கத்துலேர்ந்து பாக்கறோம்கறதைப் பொறுத்தது, மைனா," என்றார் அவர், சின்னப் பெண்களைக் கூப்பிடும் செல்லப் பெயரில். அறிவியல் முழுக்க அந்தப் பதிலுக்குள் அடங்கிவிடும் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது. அடங்கியது அவருடைய அறிவியல் மட்டும்தான் என்று தெரிய சில வருஷங்கள் ஆயின.

பல்கலைக்கழகத்தில் எல்லோரும் அவரைச் சாம்பல் சார் என்றுதான் சொன்னார்கள். முகத்துக்கு நேராகவும் சொல்லலாம், கோபப்பட மாட்டார், பெருமைப்படுவார். சாம்பலின் பண்புகளும் நடைமுறைப் பயன்களும் என்ற திட்டத்தை அவர் நடத்த ஆரம்பித்தபோது ரேபதி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அந்தத் திட்டத்தில் பண்புகளைவிடப் பயன்கள்தான் வேகமாக வந்தன. முதலில் சாம்பல் பல்பொடி. அலுவலகத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் ஒரு டப்பா கொடுத்தார். கணக்குப் பிரிவுத் தலைவர் ஈறு வீங்கி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். 'தூய்மையாக்கும் ஆற்றல் எதிர்பார்த்ததைவிட அதிகம்' என்று சாரின் ஆண்டறிக்கையில் வந்தது. பிறகு சாம்பல் செங்கல். அதை வைத்துத் துறைக்குப் பின்னால் ஒரு மாதிரிச் சுவர் கட்டினார்கள். முதல் மழைக்கே அது இடுப்பளவுக்கு இறங்கியது, இரண்டாம் மழைக்கு அங்கே ஒரு மேடு மட்டும் இருந்தது. 'பயன்பாட்டுக்குப் பின் மண்ணுக்கே உரமாகத் திரும்பும் செங்கல்' என்று அதற்கும் ஒரு கட்டுரை. சாம்பல் சோப்பு வந்தபோது துணைவேந்தரின் மனைவி கட்டியிருந்த அதே மாதிரி மூகாப் பட்டு மேகலாவை ஒரு விழா மேடையில் துவைத்துக் காட்டினார். அழுக்கு போனது. பொன்னிறமும் கூடவே போனது. கைதட்டல் மட்டும் குறையவில்லை.

ஒவ்வொன்றுக்கும் ஒரு விழா, ஒவ்வொரு விழாவுக்கும் கழுத்தில் மரியாதைக்கு ஒரு பூப்போட்ட கமோசாத் துண்டு. அவர் அறையில் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்தால் புத்தகங்கள் சரியாது, கமோசாக்கள் சரியும்.

இதையெல்லாம் ரேபதி கேன்டீனில் நடித்துக் காட்டுவாள். கணக்குப் பிரிவுத் தலைவரைப் போல அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிற அழகைப் பார்க்கவே பக்கத்துத் துறைகளிலிருந்து ஆட்கள் வருவார்கள். தெமாஜிப் பக்கத்தில் பிஹூ திருவிழா மேடைகளுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவரின் மகள் அவள். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டு, ஊருக்குப் போகும்போதெல்லாம் பக்கத்து வீட்டார் இருமிக்கொண்டு வந்து நிற்பார்கள். "இது வேற டாக்டர்," என்று அவளுடைய அப்பா ஒவ்வொருவருக்கும் விளக்குவார். "அப்ப என்னத்தை சரி பண்ணும்?" என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். அவர் கேள்வியை மகள் பக்கம் தள்ளிவிடுவார். அவள் பேச்சை மழை பக்கம் தள்ளிவிடுவாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சாம்பல் சாரைக் கேன்டீனில் கிழித்துத் தொங்கவிட்ட அதே ரேபதி, ஃபுகன் சரிவைப் பற்றி அவர் எழுதிய இரண்டு கட்டுரைகளில் தன் பெயரையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தாள். சிரிப்பு கேன்டீனில், கையெழுத்து அவர் அறையில். இரண்டுக்கும் நடுவே ஒரு தாழ்வாரம்தான் இருந்தது. அதில் நடக்கும்போது எந்த இடத்தில் தன் முகம் மாறுகிறது என்று அவள் சில நாள் யோசித்ததுண்டு.

சரிவுக்கான காரணத்தைத் தேடுவதுதான் அவளுடைய ஆய்வு. பகோரிகுரியின் ஒவ்வொரு வீட்டு மண்ணையும் எடுத்து வந்து சோதித்தாள். எல்லாம் ஒரே மண். கிணற்று நீரைச் சோதித்தாள். ஒரே நீர். வாழை வேரை, இலையை, தாரின் காம்பை எல்லாம் அரைத்துப் பார்த்தாள். எதிலும் சரிவு இல்லை, சாம்பலில் மட்டும் இருந்தது. ஆற்றங்கரை வீடுகளில் வாத்து அதிகம் என்பதால் வாத்து எச்சத்தையும் ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுக்கினாள். சார் அதற்கெல்லாம் அசரவில்லை.

"பண்டைக் காலத்துல இங்க கடல் இருந்திருக்கும்," என்றார்.

"சரி சார். ஆனா அந்தக் கடல் ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு நின்னா பின்வாங்குச்சு?"

"உனக்கு வாய் ஜாஸ்தி. தரவு கம்மி," என்றார் சார். அது என்னவோ உண்மைதான்.

நான்காம் வருஷ மழையில் அலமாரியிலிருந்த சாம்பல் ஜாடிகள் ஈரம் குடித்துக் கட்டிதட்டிப் போயின. காயவைக்க வேண்டும் என்று ரேபதி எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, எடை போட்டு, உலையில் மிதமான சூட்டில் வைத்தாள். முதல் வீட்டுச் சாம்பல் ஈரத்தை விட்டுவிட்டு நின்றுவிட்டது. கடைசி வீட்டுச் சாம்பல் நிற்கவில்லை. சூடு கொஞ்சம் ஏற ஏற, எடை இறங்கிக்கொண்டே போனது. அதிலிருந்து வந்த வாயுவைச் சுண்ணாம்பு நீரில் விட்டாள். நீர் பால் மாதிரி வெளுத்தது.

அவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சாம்பல் என்பது தீயில் வெந்து மிஞ்சியது. எது போக முடியுமோ அதெல்லாம் அடுப்பிலேயே போய்விட்டிருக்கும். கொஞ்சம் சூடு பட்டாலே வாயுவை விட்டுவிட்டு உருமாறிப் போகிற பொருள் சோடா உப்பு. அது அத்தனை நெருப்பில் கிடந்தும் எப்படி அலுங்காமல் உள்ளே உட்கார்ந்திருக்கும்? தீ அணைந்து, சாம்பல் ஆறிய பிறகு யாராவது உள்ளே போட்டிருந்தால் தவிர.

சாரிடம் போனாள். அவரை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. யோசித்துப் பதில் சொன்னார்.

"சாம்பல் காத்துல இருக்கற கரியமில வாயுவை இழுக்கும். ஈரம் இருந்தா இன்னும் நல்லா இழுக்கும். அதான் இப்ப வெளிய வருது."

"எல்லா ஜாடியும் ஒரே அலமாரியிலதான சார் இருந்துச்சு? முதல் வீட்டு ஜாடி மட்டும் மூச்சே விடலையா?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த மாசம் உன் ஆய்வைத் தேர்வாளர் முன்னாடி வைக்கணும். தீர்த்தநாத் சர்மா வராரு. காரணம் கிடைக்கலன்னா பண்டைக் கடல்னு போட்டுடு. பட்டம் வாங்கிட்டுப் போ. கடலை அப்புறம் பாத்துக்கலாம்."

கூடப் படிக்கிற, அவளை அக்கா முறையில் கூப்பிடும் தோலன் ஹாத்திபருவாவும் அதையேதான் சொன்னான். "பாய்தேவ், சாம்பல்ல என்ன இருந்தா உனக்கென்ன? உன் தீசிஸை யார் படிக்கப் போறா? கரையான் கூட முன்னுரையோட நிறுத்திக்கும். போடு, கிளம்பு."

மறுநாள் காலை ரேபதி பகோரிகுரிக்குப் பஸ் ஏறினாள்.

கடைசி வீடு கீரோதா சைகியாவுடையது. ஐம்பதைத் தொட்ட, தோள் அகன்ற பெண்மணி. தறியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு மேலே சுவரில் கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் ஒரு பூப்போட்ட கமோசாவும், பத்திரிகையில் வந்த ஒரு புகைப்படமும் இருந்தன. புகைப்படத்தில் ஃபுகன் சார் அவள் கழுத்தில் கமோசா போடுகிறார். 'மாவட்டத்திலேயே வீரியமான சாம்பல்' என்று கீழே எழுதியிருந்தது. தறிக்குப் பக்கத்தில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தவள் நடு வீட்டுப் பனேஸ்வரி.

"யுனிவர்சிட்டி பொண்ணு வந்துட்டா," என்றாள் கீரோதா. "வாத்து எச்சம் தீந்து போச்சா, மைனா? மறுபடியும் சாம்பலா?"

"ஆமா மாஹி," என்றாள் ரேபதி, சித்தியைக் கூப்பிடுகிற உரிமையில்.

"இந்தத் தடவை கமோசா யாருக்கு? எனக்கு ஒண்ணு இருக்கு. இவளுக்குக் குடு. இவ வயிறு நாலு வருஷமா எரியுது."

"எனக்கெதுக்கு?" என்றாள் பனேஸ்வரி. "நான் வேலை செஞ்சு சாப்பிடறவ. போட்டோவைப் பாத்துப் பசி ஆத்திக்கறவ இல்ல."

ரேபதி நேராகக் கேட்டுவிட்டாள். "மாஹி, அன்னிக்கு ஜாடியில என்ன போட்டீங்க?"

"என்ன போடுவாங்க? சாம்பல்."

"சாம்பல் மட்டுமா?"

தறியின் நாடா நின்றது. கீரோதா பனேஸ்வரியைப் பார்த்தாள். பனேஸ்வரி வாயில் இருந்த பாக்கோடு சிரிக்கப் போக, சிவப்பு எச்சில் மடியில் தெறித்தது.

"பல்லைக் காட்டாத. புத்தி உன் வீட்டுலேர்ந்துதான் வந்துச்சு."

"என் வீட்டுக்கு ஹேமப்ரபா வீட்டுலேர்ந்து வந்துச்சு. அவ வீட்டுக்கு யார் சொன்னான்னு அவளைக் கேளு."

பிறகு இரண்டு பேரும் மாறி மாறி, ஒருத்தி பேச்சை இன்னொருத்தி பிடுங்கிக்கொண்டு சொன்னார்கள். அன்றைக்குச் சார் ஜீப்பில் வந்து நாம்கரில் எல்லோரையும் கூப்பிட்டு, யார் வீட்டுச் சாம்பல் வீரியம் என்று பார்க்கப் போவதாகவும், ஜெயித்த வீட்டுக்குக் கமோசா என்றும் அறிவித்திருக்கிறார். வீரியமான சாம்பல் சோப்பு மாதிரி வழுக்குமே என்று, முதல் வீட்டுக்குப் போய், சாம்பலில் தண்ணீர் விட்டு விரலால் தேய்த்துப் பார்த்து, ஊரே சுற்றி நிற்கும்போது, "என்னம்மா, வழுக்கவே இல்லையே?" என்று சொல்லிவிட்டார்.

"அந்தப் பொம்பளை அதுக்கப்புறம் பிஹூ வரைக்கும் வெளிய தலை காட்டல," என்றாள் பனேஸ்வரி. "மதியச் சோத்துக்கு முதல்ல காரத்தண்ணி ஊத்துன பப்பாளிதான் வைக்கறோம். அதுல வழுக்கல் இல்லன்னு நாலு பேர் முன்னாடி சொன்னா, அவ அடுப்புல நெருப்பே இல்லன்னு சொன்ன மாதிரி இல்லையா?"

"அந்தச் சேதி உடனே சைக்கிள்ல போச்சு," என்றாள் கீரோதா. "உங்க சாருக்கு ஒவ்வொரு வீட்டுலயும் டீ, அரிசிப் பிட்டா, பாக்கு. உக்காந்தா எழுந்திருக்க மாட்டாரு. சேதி அவருக்கு முன்னாடி ஓடுது. ரெண்டாவது வீட்டுக்காரி சாம்பல்ல ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டா. மூணாவது வீட்டுக்காரி, அவ ஒரு சிட்டிகைன்னா நான் ஒரு கரண்டின்னா."

"நான் ரெண்டு கரண்டி," என்றாள் பனேஸ்வரி, கொஞ்சம் பெருமையோடு. "அளவாத்தான் போட்டேன். இவ போட்டதைக் கேளு."

"எங்க வீட்டுக்கு வரதுக்குள்ள கடையில சோடா உப்பே தீந்துடுச்சு மைனா! மருமக படகுல அக்கரைக்குப் போய் வாங்கிட்டு வந்தா. அவ்வளவு தூரம் போய் வாங்கினதை மிச்சம் வைக்கறதா? மொத்தத்தையும் கொட்டிட்டேன். நிறத்துக்கு மேல கொஞ்சம் சாம்பல் தூவினேன்."

நாலு வருஷம். மண், கிணறு, வேர், வாத்து. இல்லாத ஒரு கடல். ஜீப்பைவிட வேகமாகப் போன ஒரு சைக்கிளைத்தான் ரேபதி இத்தனை நாளும் அளந்துகொண்டிருந்தாள்.

"மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்க?" என்றாள் கீரோதா. "ஏமாத்திட்டோம்னா? வீட்டுக்கு வந்த ஆளு, அதுவும் அவ்வளவு படிச்சவரு, உங்க வீட்டுச் சாம்பல் வீரியமான்னு கேக்கறாரு. இல்லைங்க, மட்டம்னு சொல்லி அனுப்பற பொம்பளை எங்கயாவது இருக்காளா? உங்க அம்மா அனுப்புவாளா?"

அம்மா அனுப்ப மாட்டாள். ரேபதிக்கு நன்றாகத் தெரியும்.

"சோடா உப்பு கலந்தா வாயில வெச்சாலே தெரிஞ்சுடும். உங்க சாருக்கும் தெரியும், எங்க மானத்தைக் காப்பாத்தறாருன்னுதான் நாங்க நெனச்சோம்," என்றாள் கீரோதா.

"அவர் வாயில வைக்கல மாஹி. ஜாடியில வெச்சாரு."

இதற்கு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தறிக்கு அடியில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

மழை விட்டதும் ரேபதி பகோரிகுரியிலேயே தங்கி, ஒவ்வொரு வீட்டிலும் பீம் வாழையின் தோலை வாங்கி, காயவைத்து, தன் தகரத் தட்டில் தானே எரித்தாள். யார் கையும் பட விடவில்லை. "இந்தத் தடவை வழுக்கலன்னா வெளிய சொல்லக்கூடாது," என்று கீரோதா நிபந்தனை போட்டாள். பிறகு அவளே, "சொன்னாலும் என் பேரைச் சொல்லாத, வீட்டு நம்பரைச் சொல்லு," என்று இறங்கி வந்தாள். கமோசாவைச் சுவரிலிருந்து எடுக்கும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை.

திரும்பி வந்து சோதித்ததில் எல்லா வீட்டுச் சாம்பலும் ஒன்றாகவே இருந்தது. நிறையப் பொட்டாசியம், பேருக்குச் சோடியம். வரைந்து பார்த்தால் நாம்கரிலிருந்து ஆறு வரைக்கும் ஒரே நேர்க்கோடு. ஒரு கொசு உட்கார்ந்தால்கூட மேடு தெரிகிற அளவுக்கு நேர்.

அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷம் அவளுக்கே பயமாக இருந்தது. சாரின் முகம் எப்படிப் போகும் என்பதைத்தான் முதலில் நினைத்தாள், சாம்பலை இல்லை. உண்மை தெரிய வேண்டும் என்பதற்காகவா நான் இத்தனை தோலை எரித்தேன், இல்லை, கேன்டீனில் அவரைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரிதான் என்று நிரூபிப்பதற்காகவா? இரண்டையும் பிரித்தெடுக்க அவளுக்குத் தெரிந்த உலை எதுவும் இல்லை.

சார் வரைபடத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே."

"ஆமா சார். அதான் முடிவு."

"ஒண்ணுமில்லாததுக்கு யார் மைனா பட்டம் குடுப்பாங்க?" சோடா உப்புக் கதையை அவள் சொல்லி முடித்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு அவங்க பொய்யா சாம்பல் குடுத்தாங்கன்னு இன்னிக்கு சொல்றாங்க. இன்னிக்கு சொல்றது பொய்யா இருந்தா?"

"அதுக்குத்தான் சார் நானே எரிச்சேன்."

"அப்ப நீ எரிச்சது தப்பா இருக்கலாம்," என்றார். உடனே அவருக்கே அந்த வாசகம் பிடித்துப் போனது. முகம் தெளிந்தது. "ஆமா. எரிச்ச முறை. நல்லா யோசி."

ஆய்வைத் தேர்வாளர் முன் வைக்கும் கருத்தரங்கு நாளன்று அரங்கில் முதல் வரிசை நிறையத் தாம்பூலத் தட்டுகள். தேர்வாளர் தீர்த்தநாத் சர்மா தன் மாணவன் ஒருவனோடு வந்திருந்தார். கமோசா போட்டு, பாக்கு கொடுத்து, விளக்கேற்றி, ஃபுகன் சரிவால் மாநிலத்துக்குக் கிடைத்த பெருமையைப் பற்றி இரண்டு பேர் பேசி முடித்தபோது டீ வந்தது. அதற்கெல்லாம் பிறகுதான் ஆய்வு. ரேபதி முதலில் பழைய வரைபடத்தைத் திரையில் காட்டினாள். படிக்கட்டு மாதிரி ஏறியது. எல்லோரும் தலையசைத்தார்கள். பிறகு தன்னுடையதைக் காட்டினாள். படம் வரவில்லை என்று நினைத்து ஒருவர் ப்ரொஜெக்டரைத் தட்டப் போனார்.

"வந்திருக்கு சார். அவ்வளவுதான் படம்," என்றாள். சோடா உப்பையும் சைக்கிளையும் பெயர்கள் சொல்லாமல், வீட்டு எண்களாகச் சொன்னாள். கடைசி வரிசையில் தோலன் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

சர்மா எழுந்தார். அவருக்குக் கோபத்தில் கமோசா தோளிலிருந்து நழுவியது. "எங்க மாவட்டத்துலயும் இதே சரிவு இருக்கு. மூணு கட்டுரை போட்டிருக்கோம். இவன் ஆராய்ச்சியே அதுலதான்." மாணவனைக் காட்டினார். "அப்ப நாங்கல்லாம் யாரு? முட்டாளா?"

ஆமாம் என்று சொல்ல ரேபதியின் நாக்கு துடித்தது. அதை அடக்கிக்கொண்டு, "சார், ஒரு சந்தேகம்," என்றாள். "நீங்க சாம்பல் வாங்கப் போனப்போ, யார் வீட்டுது வீரியம்னு போட்டி வெச்சீங்களா?"

"வெச்சோம். ஜனங்களை ஊக்கப்படுத்தணும் இல்ல? வெண்கலத் தாம்பாளம் பரிசா குடுத்தோம். அதுக்கென்ன?"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அவருடைய மாணவனுக்குப் புரையேறியது. அவன் இருமி முடிக்கும் வரை அரங்கமே காத்திருந்தது. இருமி முடித்தவன் தலையை நிமிர்த்தவில்லை. அவனும் ஒரு நடு வீட்டு வாசலில் நின்று எதையோ பார்த்திருக்க வேண்டும்.

தீர்ப்பு சாயங்காலம் வந்தது. மாணவி சாம்பலை எரித்த முறை மரபுக்கு ஒத்ததாக இல்லை. சரிவு தெரிகிற வரை திரும்ப எரித்துப் பார்த்து மீண்டும் சமர்ப்பிக்கலாம். சரிவு தெரிகிற வரை! விடை வருகிற வரைக்கும் கூட்டல் போட்டுப் பார் என்பது போல.

ஆட்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த அரங்கத்துக்கு வெளியே ஃபுகன் சார் தனியாக நின்றிருந்தார். அன்றைக்குப் போட்ட கமோசாவை மடித்துக் கையில் வைத்திருந்தார். பரிகாசம் செய்ய அதைவிட வசதியான ஒரு காட்சி அவளுக்கு இனிக் கிடைக்காது. ஆனால் அவர் பேசியது வேறு குரலில்.

"எனக்கு ஓய்வு பெற இன்னும் ரெண்டு வருஷம், மைனா. பல்பொடி, செங்கல், சோப்பு எல்லாத்துக்கும் நீங்க சிரிச்சது எனக்குத் தெரியும். கேன்டீன் ஜன்னல் என் அறைப் பக்கம்தான் திறக்குது. இந்த ஒண்ணுக்கு யாரும் சிரிக்கல. நான் போற வரைக்கும் இது இருக்கட்டுமே? அப்புறம் நீயே உடை. நானே வந்து கைதட்டறேன்."

அவரைப் பற்றிச் சொல்ல ஒரு நக்கல்கூட அகப்படாமல் ரேபதி நின்றது அதுதான் முதல் தடவை. காத்திருந்தால் பட்டம் கிடைக்கும். அப்பா ஊருக்குச் சொல்லிவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. தோலன் சொன்ன மாதிரி கரையான்கூடப் படிக்காது.

"சார், சர்மா சாரோட பையன் முகத்தைப் பாத்தீங்களா?" என்றாள் கடைசியில். "அவனும் ரெண்டு வருஷம் காத்திருப்பான். அவனுக்குக் கீழ ஒருத்தன் வருவான். அவன் இன்னொரு மாவட்டத்துக்கு ஜீப்ல போவான்."

"போகட்டுமே."

"போனா பரவால்ல சார். என் பேரு இருக்கற ரெண்டு கட்டுரையைக் கையில வெச்சுக்கிட்டுப் போவான்."

"பேரைத் திரும்ப எடுக்க முடியாது. அச்சாகிப் போச்சு."

"அப்ப அது தப்புன்னு இன்னொண்ணு அச்சாகட்டும்."

சார் கமோசாவை இன்னொரு மடிப்பு மடித்தார். "அப்படின்னா வேற நெறியாளரைப் பாத்துக்க," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். ஜாடிகள் திட்டத்துக்குச் சொந்தம், அவற்றை ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார். ஒப்படைத்தாள். கடைசி வீட்டு ஜாடியைக் கொடுக்கும்போது, இதை வைத்து ஆப்பம் சுடலாம் என்று சொல்லத் தோன்றியது. சொல்லாமல் கொடுத்தாள்.

மண்ணியல் துறையில், யாரும் சேர விரும்பாத ஒரு சிடுசிடுத்த அம்மாள் அவளை எடுத்துக்கொண்டார். பகோரிகுரியில் தொடங்கி, எவரிடமும் எது வீரியம் என்று கேட்காமல், ஊர் ஊராகத் தோல் வாங்கி அவளே எரித்தாள். பட்டம் கிடைக்கத் தாமதமாயிற்று. அதற்குள் அவளைவிட இளையவர்கள் சரிவோடு வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவள் எழுதிய மறுப்பு ஓர் ஓரத்தில் சின்ன எழுத்தில் வந்தது. ஃபுகன் சார் பெரிய விழாவோடு ஓய்வு பெற்றார். அந்தச் சரிவு இப்போதும் போட்டித் தேர்வுக் கையேடுகளில் இருக்கிறது.

ரேபதி தெமாஜியில் ஒரு கல்லூரியில் தொகுப்பூதியத்தில் பாடம் நடத்துகிறாள். போன மாக மாதத்தில் ஒரு வரன் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வங்கியில் இருப்பவர், மரியாதையாகப் பேசினார். டாக்டர் பட்டம் எதில் என்று கேட்டார்.

"வாழைத்தோலை எரிச்சா எல்லா வீட்டுலயும் ஒரே சாம்பல்தான் வரும்னு கண்டுபிடிச்சேன்."

அவர் காத்திருந்தார். மிச்சம் இருக்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது. "அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான்."

"அது எங்க அம்மாவுக்கே தெரியுமே," என்று சிரித்தார் அவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மாவும் சிரித்தாள். "எங்க வீட்டுச் சாம்பல் மாதிரி வராது, மைனா," என்றாள் அந்த அம்மாள், பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே. "அது தனி வீரியம்."

ரேபதி அந்த அம்மாளை நிமிர்ந்து பார்த்தாள். உள்ளேயிருந்து அவளுடைய சொந்த அம்மா, மகளின் நாக்கைத் தெரிந்தவள், வேகமாகக் கனைத்தாள்.

"எவ்வளவு போடுவீங்க, மாஹி?" என்றாள் ரேபதி.

அந்த வரன் அமையவில்லை.